ஒரேயடியாக நிறுத்துவதா, மெல்லக் குறைப்பதா, மாற்று இனிப்புக்குப் போவதா?

சர்க்கரையைக் குறைப்பது என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "அதற்குப் பதிலாக எதைப் போடுவது?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சர்க்கரை எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது? குடிக்கும் பானத்திலா, நாமே கரண்டியில் அள்ளிப் போடுவதிலா, பொட்டலத்தில் வாங்குவதிலா? மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது. ஒன்றை நிறுத்தலாம், ஒன்றைக் குறைக்கலாம், ஒன்றை மாற்றலாம். நிறுத்த வேண்டியதைக் குறைக்கப் பார்ப்பதும், குறைக்க வேண்டியதை நிறுத்தப் பார்ப்பதும்தான் பத்தாம் நாளே எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடுகின்றன.

முதலில் ஒரு நாள் கணக்கு

ஒரு மாதிரி நாளை எடுத்துக்கொள்வோம். மூன்று கோப்பை தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. தலைதட்டி அளந்த ஒரு தேக்கரண்டி 4 கிராம். ஆக 24 கிராம். 330 மில்லி கோலா ஒன்று: 35 கிராம். பழச்சுவை சேர்த்த தயிர் 150 கிராம் கப் ஒன்று: சேர்த்த சர்க்கரை மட்டும் சுமார் 10. இனிப்பு பிஸ்கட் நான்கு: அதுவும் சுமார் 10. தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டி: 4. கூட்டினால் 83 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த பரிந்துரை, ஒரு நாள் உணவு ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இந்தச் சர்க்கரை இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் வந்தால் இன்னும் நல்லது என்பது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். இந்தக் கணக்கில் வருவது நாமோ ஆலையோ சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு வகைகள், பழச்சாறு ஆகியவற்றில் இருப்பது. முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக இருக்கும் சர்க்கரை இதில் சேராது.

இப்போது மேலே உள்ள 83-ஐப் பாருங்கள். கோலாவை மட்டும் எடுத்தால் 48. முதல் எல்லைக்குள் வந்தாயிற்று. தேநீர்ச் சர்க்கரையும் போனால் 24. இரண்டாவது எல்லையும் கைக்குள். பிஸ்கட்டையோ சாஸையோ தொடவே இல்லை. ஆனால் பலரும் தொடங்குவது நேர் எதிராக: சாஸ் பாட்டிலின் லேபிளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, தாகத்துக்குக் கோலாவைத் திறப்பார்கள்.

உங்கள் கணக்கைப் போடும்போது இரண்டு இடங்களில் பிசகும். ஒன்று, கரண்டி. குவித்து அள்ளும் ஒரு தேக்கரண்டியில் 6, 7 கிராம் கூட வரும். "இரண்டு ஸ்பூன்தான்" என்பவர் உண்மையில் மூன்று போட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு வாரத்துக்கு 300 கிராம் சர்க்கரையை எடைபோட்டுத் தனி டப்பாவில் வைத்து, உங்கள் கோப்பைக்கு அதிலிருந்து மட்டும் எடுங்கள். வாரக் கடைசியில் மீதியை எடைபோட்டுக் கழித்து ஏழால் வகுத்தால் பொய் சொல்லாத எண் கிடைக்கும். இரண்டு, தயிர், பால் பொருட்கள். லேபிளில் "மொத்தச் சர்க்கரை" என்று இருப்பதில் பாலின் சொந்தச் சர்க்கரையும் அடக்கம். வெறும் தயிரிலேயே 100 கிராமுக்கு 4.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். லேபிள் 12 என்றால் சேர்த்தது சுமார் 7.

ஒரேயடியாக நிறுத்துவது

இது கோலாவுக்கும், பாட்டில் பழச்சாற்றுக்கும், வீட்டு அலமாரியில் கிடக்கும் மிட்டாய்க்கும் ஏற்ற வழி. காரணம் எளிது: முக்கால் இனிப்புள்ள கோலா என்று ஒன்று கடையில் இல்லை; நடுவில் நிற்க இடமே கிடையாது. அதோடு பானமாக உள்ளே போகும் கலோரி, மென்று தின்னும் உணவு அளவுக்கு வயிற்றை நிறைப்பதில்லை. நிறுத்தினால் இழப்பு குறைவு, லாபம் அதிகம்.

தவறு நடப்பது மூன்று விதமாக. முதலாவது, கோலாவை நிறுத்திவிட்டு ஆரஞ்சுச் சாற்றுக்கு மாறுவது. 330 மில்லி சாற்றில் 28 கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. 35-லிருந்து 28-க்கு இறங்குவதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஒரு முழு ஆரஞ்சில் சுமார் 12 கிராம்தான், கூடவே 3 கிராம் நார்ச்சத்து. முழுப் பழத்தைத் தின்ன நேரமும் பிடிக்கும். மூன்று பழத்தை ஒரே மூச்சில் யாரும் தின்பதில்லை, குடிப்பார்கள்.

இரண்டாவது, தலைவலி. "சர்க்கரையை விட்டதால் வந்தது" என்று பயந்து திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். பல நேரங்களில் குற்றவாளி சர்க்கரை அல்ல, காஃபீன். ஒரு கோலாவில் 30 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கும். நாளுக்கு மூன்று நான்கு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, சில நாட்கள் நீடித்து, அதிகம் போனால் ஒன்பது நாட்களில் அடங்கும். ஆகவே சர்க்கரையை விடும் வாரத்தில் தேநீரையும் காபியையும் சேர்த்து விடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

மூன்றாவது, நாலு மணிப் பசி. கோலா கொடுத்துக்கொண்டிருந்த 140 கலோரி காணாமல் போகும்போது உடம்பு கேட்கும். அந்த நேரத்துக்கு ஒரு கைப்பிடி பருப்பு வகைக் கொட்டை, வேகவைத்த முட்டை, ஒரு பழம் என்று ஏதாவது முன்கூட்டியே எடுத்து வைக்காவிட்டால் கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போகும்.

தேநீர், காபிக்கு இந்த வழி பெரும்பாலோருக்குச் சரிப்படாது. இரண்டு கரண்டியிலிருந்து சுழியத்துக்கு ஒரே நாளில் போனால், வாய்க்குக் கிடைப்பது இனிப்பில்லாத தேநீர் அல்ல, வெறும் கசப்பு. சிலரால் முடியும், முடிந்தால் நல்லதுதான். நான்கு நாள் முயன்று குமட்டினால் அடுத்த வழிக்கு வாருங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

மெல்லக் குறைப்பது

நாமே கரண்டியில் போடும் எல்லாவற்றுக்கும் இதுதான் என் தேர்வு. கால் தேக்கரண்டி அளவுகோல் ஒன்று வாங்குங்கள்; கண்ணளவை நம்ப வேண்டாம். வாரத்துக்குக் கால் தேக்கரண்டி குறைத்தால் இரண்டிலிருந்து சுழியத்துக்கு எட்டு வாரம். முதல் மூன்று வாரம் வித்தியாசமே தெரியாது. ஒன்றில் ஒரு முறையும் அரையில் ஒரு முறையும் தடுக்கும். அங்கே பின்வாங்காமல் அதே அளவில் இரண்டு வாரம் நின்றுவிட்டு இறங்குங்கள். அரையிலேயே நின்றுவிட்டாலும் மூன்று கோப்பைக்கு 24 கிராம் 6 ஆகிவிட்டது; மீதி 6-க்காக வாழ்க்கையைக் கசப்பாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

சர்க்கரையைக் குறைக்கும்போது கசப்பையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். ஐந்து நிமிடம் கொதித்த தேயிலையின் துவர்ப்பை மறைக்க இரண்டு கரண்டி வேண்டியிருந்தது; மூன்று நிமிடத்தில் வடித்தால் ஒன்று போதும். பால் சேர்த்தால் துவர்ப்பு அடங்கும். காபியில் விரல்நுனியளவு உப்பு கசப்பை மட்டுப்படுத்தும். உப்புச் சுவை தெரிந்தால் போட்டது அதிகம். பட்டை, வெனிலா போன்ற மணங்கள் இல்லாத இனிப்பை இருப்பதாகக் காட்டும். குளிர்ச்சி இனிப்பை மங்கச் செய்யும்: உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். ஆகவே குளிர்பானத்தில் இனிப்பைக் குறைக்க நினைத்தால் பனிக்கட்டியை முதலில் குறையுங்கள்.

கரண்டி இல்லாத பொருட்களிலும் இதைச் செய்யலாம். சுவையூட்டிய தயிரில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு வெறும் தயிர் கலந்து தொடங்கி, இரண்டு வாரத்தில் சரிபாதி, பிறகு ஒன்றுக்கு மூன்று. இனிப்புத் தானிய அவலும் வெறும் அவலும் அப்படியே. பழச்சாற்றை விட முடியாதவர்கள் ஒரு பங்குக்கு மூன்று பங்கு சோடா நீர் வரை இறக்கலாம்.

நாக்கு பழகுமா? 2016-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சர்க்கரையைக் கணிசமாகக் குறைத்து மூன்று மாதம் சாப்பிட்டவர்களுக்கு அதே இனிப்புப் பண்டம் முன்னைவிடத் தித்திப்பாகத் தெரிந்தது. ஆனால் கட்டுப்பாடு முடிந்ததும் அவர்கள் சர்க்கரையைச் சீக்கிரமே கூட்டிக்கொண்டார்கள், அந்த வேறுபாடும் மறைந்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கணக்கு நாளில் அல்ல, மாதத்தில், பழக்கம் போனால் நாக்கும் பழையபடி. வீட்டில் ஒரு கரண்டி, வெளியில் மூன்று கரண்டி என்று இருப்பவர்களுக்கு எட்டு வாரம் எண்பது வாரமானாலும் முடியாது. வெளியே சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்கி, தேவையானதை நீங்களே போடுங்கள்.

மாற்று இனிப்பூட்டிகள்

கணக்கில் மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை. டயட் கோலாவும் தேநீருக்கு மாத்திரையும் என்றால் முதல் நாளே 83-லிருந்து 24. பிறகு ஏன் இதை முதலில் சொல்லவில்லை?

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் எடை குறைவதற்கான சான்று இல்லை என்பது காரணம். இது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, எரித்ரிடால், சைலிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களையும் (பெயரில்தான் ஆல்கஹால், மது அல்ல) இது தொடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆனால் உணவுச் சேர்க்கைகளை மதிப்பிடும் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட, கேனுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் என்று வைத்தால், நாளுக்கு ஒன்பதிலிருந்து பதினான்கு கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். பயப்பட வேண்டிய அளவு அல்ல. அதற்காகத் தினசரிப் பழக்கமாக்கவும் தேவையில்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

நடைமுறையில் பெரிய குறை வேறு. இனிப்பூட்டி சர்க்கரையைக் குறைக்கும். இனிப்பின் அளவைக் குறைக்காது. எட்டு வாரம் கழித்தும் நாக்கு இரண்டு கரண்டி தித்திப்பையே கேட்கும், மாத்திரை தீர்ந்த அன்று சர்க்கரை டப்பா திறக்கும். "கோலாதான் டயட் ஆயிற்றே" என்று கூட ஒரு கேக் துண்டு போவதும் அடிக்கடி நடக்கிறது. பல்லுக்கும் முழு விடுதலை இல்லை: சர்க்கரை இல்லாவிட்டாலும் அந்தப் பானங்களின் அமிலம் எனாமலை அரிக்கும், மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். ஆகவே இது பாலம். நாளுக்கு நான்கு கோலா குடிப்பவர் முதல் ஒரு மாதம் டயட் கோலாவில் நின்று, பிறகு வெறும் சோடா நீருக்குப் போவது நல்ல திட்டம். நாளுக்கு ஒரு தேநீர் குடிப்பவருக்கு இந்தப் பாலமே தேவையில்லை.

எதைத் தேர்வது என்று கேட்டால், வேலையைப் பொறுத்தது. அஸ்பார்டேம் சர்க்கரையைப் போல் சுமார் 200 மடங்கு இனிப்பு. சூடு நீடித்தால் இனிப்பு போய்விடும், அதனால் இறக்கிய பின் போட வேண்டும். சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கு, சூடு தாங்கும். ஸ்டீவியா 200 மடங்குக்கு மேல். அதிகமாகப் போட்டால் அதிமதுரம் போன்ற பின்கசப்பு நிற்கும், குறைவாகப் போட்டால் பிழைத்தோம். எரித்ரிடால் சர்க்கரையில் 60, 70 விழுக்காடு இனிப்பு, கலோரி ஏறக்குறைய இல்லை, வாயில் ஜில்லென்று இருக்கும். சைலிடால் சர்க்கரை அளவே இனிப்பு, ஆனால் கிராமுக்கு 2.4 கலோரி உண்டு. நாய்க்கு நஞ்சு, வீட்டில் நாய் இருந்தால் வாங்காமல் இருப்பதே மேல். "சுகர் ஃப்ரீ" சாக்லேட்டில் அதிகம் வருவது மால்டிடால்: அதிலும் பாதிக் கலோரி இருக்கிறது, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், ஒரு பட்டையை முழுதாகத் தின்றால் வயிறு உப்பிப் பேதியாகும். பொடிப் பொட்டலங்களில் இனிப்பூட்டி ஊசிமுனையளவே இருக்கும். மீதி, அளவைக் கூட்டச் சேர்க்கும் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாச்சத்துப் பொடியோதான். கோப்பைக்கு ஒன்று என்றால் பொருட்படுத்த வேண்டாம். கிண்ணக் கணக்கில் கொட்டினால் கணக்கில் வரும்.

தேன், பழுப்புச் சர்க்கரை, பேரீச்சைப் பாகு

இதைத் தனி வழியாகவே நான் கருதவில்லை. பலர் கருதுவதால் சொல்ல வேண்டியிருக்கிறது. பழுப்புச் சர்க்கரை என்பது சர்க்கரைப்பாகின் கசண்டு ஒட்டிய அதே சர்க்கரை. தேனில் எடையில் சுமார் 80 விழுக்காடு சர்க்கரைதான். தேன் கனமானது, ஒரு தேக்கரண்டி 7 கிராம் இருக்கும். ஆறு கரண்டிச் சர்க்கரைக்குப் பதில் ஆறு கரண்டித் தேன் என்றால் 24 கிராம் சர்க்கரை 34 ஆகிறது. குறைக்கப் போய் பத்து கிராம் கூட்டியாயிற்று. நான்கு கரண்டியோடு நிறுத்தினால் பழைய இடத்துக்கே வருவீர்கள். மணத்துக்காகத் தேன் பிடிக்கும் என்றால் சாப்பிடுங்கள், சர்க்கரைக் கணக்கில் எழுதிக்கொண்டு சாப்பிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் துளியும் கூடாது. பாட்டுலிசம் என்னும் நச்சுப் பாதிப்பு வரலாம். முழுப் பேரீச்சம்பழம் நார்ச்சத்தோடு வருவதால் பாகைவிட மேல். என்றாலும் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை என்பதை மறந்து கிண்ணத்தோடு உட்கார வேண்டாம்.

பொட்டலத்தில் வருவது

இங்கே நிறுத்துவதும் குறைப்பதும் அல்ல, பொருளை மாற்றுவதே வேலை. ஒரே வகைப் பொருள் இரண்டை எடுத்து 100 கிராமுக்கான சர்க்கரையை மட்டும் ஒப்பிடுங்கள். "ஒரு பரிமாறலுக்கு" என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், பரிமாறலின் அளவை நிர்ணயிப்பது விற்பவர். 100 கிராமுக்கு 5 கிராம் அல்லது கீழே என்றால் குறைவு, 22.5-க்கு மேல் என்றால் அதிகம். பானத்துக்கு 100 மில்லியில் 2.5 குறைவு, 11.25-க்கு மேல் அதிகம். பிரிட்டனில் பொட்டலத்தின் முன்பக்கத்தில் பச்சை, சிவப்பு நிறம் காட்டப் பயன்படும் எல்லைகள் இவை, எங்கும் கைக்கொள்ளலாம்.

சேர்பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். சர்க்கரை முதலிடத்தில் வராமலிருக்க அதையே மூன்றாகப் பிரித்து, ஐந்தாவதாகச் சர்க்கரை, ஏழாவதாகக் குளுக்கோஸ் பாகு, ஒன்பதாவதாகப் பழச்சாற்று அடர் என்று எழுதுவது உண்டு. "ஓஸ்" என்று முடியும் பெயர்களில் சுக்ரலோஸ் நீங்கலாகப் பெரும்பாலானவை சர்க்கரை. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற வாசகம் சர்க்கரையே இல்லை என்று சொல்லவில்லை. பழச்சாற்றுப் பாட்டில்மீது அது சட்டப்படி சரியாகவே இருக்கும். கொழுப்பு குறைத்த பொருளை வாங்கும்போது இரட்டைக் கவனம் தேவை: எடுத்த கொழுப்பின் சுவையைப் பெரும்பாலும் சர்க்கரையால் ஈடுகட்டுவார்கள்.

அடுமனை வேலை வீட்டில் என்றால்

கேக்கில் சர்க்கரை இனிப்பு மட்டுமல்ல. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மாவை மென்மையாக்குகிறது, வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றை உள்ளே கொண்டுபோகிறது, மேலே பொன்னிறம் தருகிறது. 200 கிராம் கேட்கும் செய்முறையில் 150 போட்டால் பெரும்பாலும் யாரும் கண்டுபிடிப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்க முடியும்; பாதிக்குக் கீழே போனால் கேக் அடைசலாக, வெளிறி, மறுநாளே வறண்டுபோகும். குக்கி பரவாமல் உருண்டையாகவே வெந்து நிற்கும். எரித்ரிடால் கலந்தால் பழுப்பு ஏறாது, ஆறியபின் மணல்போல நெறுநெறுக்கும். பாதி சர்க்கரை, பாதி எரித்ரிடால் என்றால் தேறும். ரொட்டி மாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும், இல்லாவிட்டாலும் ஈஸ்ட் மாவிலிருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஜாமில் மட்டும் கை வைக்காதீர்கள்: அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சர்க்கரைதான் பூஞ்சையைத் தடுக்கிறது. குறைத்துச் செய்வதானால் கால்சியத்தோடு உறையும் குறைமெத்தாக்சில் பெக்டின் (ஜாமை உறையவைக்கும் பொருளில் ஒரு வகை) வாங்கி, குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் தீர்க்க வேண்டும்.

எந்த வரிசையில்

மேலே உள்ள 83 கிராம் ஆளுக்கு என்றால்: முதல் வாரம் கோலா முழுக்க நிறுத்தம், தேவைப்பட்டால் ஒரு மாதம் டயட் கோலா. இரண்டாம் வாரத்திலிருந்து தேநீரில் கால் கால் கரண்டியாகக் குறைப்பு. ஆறாம் வாரம் தயிரில் கலப்பு. பிஸ்கட்டையும் சாஸையும் விட்டுவிடுங்கள். நாளுக்கு ஆறு இனிப்புக் காபி குடித்து, கோலாவே தொடாதவருக்கு வரிசை வேறு: முதலில் கோப்பையின் எண்ணிக்கை, பிறகு கரண்டி. குழந்தைகள் உள்ள வீட்டில் இனிப்பூட்டிப் பாலத்தைத் தவிர்த்து, பானத்தைத் தண்ணீரும் பாலுமாக மாற்றுவதே நேர்வழி. இரண்டு வயதுக்குள் சேர்த்த சர்க்கரை எதுவுமே வேண்டாம்.

இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று இறங்கக் கூடாது. பழைய சாப்பாட்டுக்கு ஏற்றபடி நிர்ணயித்த மருந்தின் அளவு, சர்க்கரை குறைந்த புதிய சாப்பாட்டுக்கு அதிகமாகிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று ரத்தச் சர்க்கரை தாழும். மருத்துவரிடம் சொல்லி, முதல் இரண்டு வாரம் அடிக்கடி அளந்து பார்த்து இறங்குங்கள். அப்படித் தாழ்ந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த நீர், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. வீட்டிலிருந்து சர்க்கரையை முழுக்க வெளியேற்றியவர்களும் இதற்கென்று ஒரு பொட்டலம் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்; டயட் கோலா அந்த நேரத்தில் உதவாது.